நிபுணரிடம் கேட்காமல் விடும் கேள்வி

சாட்சி சொல்ல வருபவர் தாம் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்ல வேண்டும். அதை வைத்துத் தாம் என்ன நினைக்கிறார் என்பதைச் சொல்லக் கூடாது. சாட்சியச் சட்டத்தின் பொது விதி இது. லாரி எதிர்ப்பக்கம் ஏறி வந்தது என்று சாட்சி சொல்லலாம். அதனால் லாரி ஓட்டுநர் மீதுதான் தவறு என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அதை முடிவுசெய்ய நீதிபதி இருக்கிறார். இந்த விதிக்கு உள்ள பெரிய விலக்கு நிபுணர் சாட்சி. நடந்ததைக் கண்ணால் காணாத ஒருவர், தம் படிப்பையும் பழக்கத்தையும் மட்டும் துணையாகக் கொண்டு கூண்டில் ஏறி, "என் கருத்து இது" என்று சொல்ல அனுமதிக்கப்படுகிறார். கடலூர் மஞ்சக்குப்பத்து நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வழக்கு நடத்திவருபவள் என்ற முறையில், இந்த விலக்கு நம் பகுதியில் எப்படிக் கையாளப்படுகிறது, அதனால் யார் பிழைக்கிறார்கள், யார் கெடுகிறார்கள் என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

ஆங்கிலேயச் சட்டத்தில் இந்த விலக்குக்கு வழிகாட்டிய வழக்கு, ஒரு துறைமுகம் தூர்ந்துபோனதைப் பற்றியது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வெல்ஸ் என்ற சிறு துறைமுகத்தில் மணல் சேர்ந்துகொண்டே வந்தது. பக்கத்து நிலத்துக்காரர் தம் புல்வெளிக்குள் கடல்நீர் வராமல் இருக்கக் கட்டிய கரைதான் காரணம் என்றது ஒரு தரப்பு. அந்தக் கடற்கரையில் உள்ள துறைமுகங்கள் எல்லாமே இயற்கையாகத் தூர்ந்துவருகின்றன, கரைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது மறுதரப்பு. எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் சாட்சியாக வந்தார். அவர் சொல்வது வெறும் கருத்து, நடந்த நிகழ்வு அல்ல என்று கீழ்மன்றத்தில் அவருடைய சாட்சியம் ஒதுக்கப்பட்டது. 1782-இல் தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு பிரபு அதைத் திருத்தினார். துறைமுகங்களின் அமைப்பையும் அவை கெடும் காரணங்களையும் அறிந்த ஒருவர், உண்மைகளை வைத்துச் சொல்லும் கருத்து ஏற்கத்தக்க சாட்சியமே என்பது அவருடைய தீர்ப்பு.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புதுச்சேரிதான் நினைவுக்கு வரும். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் கட்டப்பட்டன. நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. சுவர் அதை மறித்ததும் தென்புறம் மணல் மேடிட்டது. வடபுறம் மணல் வந்து சேராமல் கரை அரிக்கப்பட்டது. தேங்கும் மணலை இறைத்து வடபுறம் சேர்க்க வேண்டும் என்பதும் திட்டத்தில் இருந்ததுதான், ஆனால் அது தொடர்ந்து நடைபெறவில்லை. நகரத்தின் கடற்கரைச் சாலையில் மணற்பரப்பு போய்க் கருங்கற்கள் வந்தன. அரிப்பு வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் சென்றது. வெல்ஸ் துறைமுகத்தில் எழுந்த கேள்வியே இங்கும் எழுந்தது: இந்தக் கட்டுமானத்தால்தான் இது நடந்ததா, இல்லையா? சுவர் இருப்பதையும் கரை கரைவதையும் யாரும் பார்க்கலாம். ஒன்றால்தான் மற்றது விளைந்தது என்பதை, மணல் எந்தப் பருவத்தில் எவ்வளவு எந்தத் திசையில் நகரும் என்று அளந்தவர் வந்து சொல்லாமல் எந்த நீதிபதியாலும் தீர்மானிக்க முடியாது. சுற்றுச்சூழல் வழக்குகளுக்காக 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில், துறை வல்லுநர்களை உறுப்பினர்களாகவே நீதிபதிகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான்.

நம் நாட்டில் இதை எழுதிவைத்தது, ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு. வெளிநாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து, கைரேகை ஆகியவற்றில் தனித்திறன் உடையவரின் கருத்து தொடர்புடைய சாட்சியமாகும் என்று அது சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தில் இது 39-ஆவது பிரிவாகி, "வேறு எந்தத் துறையிலும்" என்ற சொற்களும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் நான் இங்கே வற்புறுத்த விரும்புவது வேறொரு சிறிய பிரிவை. பழைய சட்டத்தில் 51, புதியதில் 45. ஒருவரின் கருத்து தொடர்புடையதாகும்போது, அந்தக் கருத்துக்கான அடிப்படைகளும் தொடர்புடையவை என்பதுதான் அதன் உள்ளடக்கம். தாம் செய்த சோதனைகளை நிபுணர் விவரிக்கலாம் என்று அதன் விளக்க எடுத்துக்காட்டும் சொல்கிறது. எங்கள் மன்றங்களில் 39-ஐ எல்லோரும் எடுத்துப் பேசுகிறோம்; 45-ஐ ஏறக்குறைய யாரும் தொடுவதில்லை. நிபுணரின் முடிவு வழக்குக் கட்டுக்குள் ஏறிவிடுகிறது. அவர் அதற்கு வந்து சேர்ந்த வழி ஏறுவதில்லை. நம் பகுதி வழக்குகளில் நான் காணும் கேட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

யார் நிபுணர் என்பதிலேயே தொடங்கலாம். இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் தோட்டங்களைத் தாக்கிய நோய் தொடர்பான வழக்கு ஒன்றில் 1999-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தோட்டங்களின் விளைச்சலை மதிப்பிட்டு அறிக்கை கொடுத்தவர் தோட்டக்கலைத் துறை அதிகாரி. வேளாண் அறிவியலில் பட்டம் பெற்றவர். இருந்தாலும் ஆப்பிள் மரத்தின் விளைச்சலை மதிப்பிடுவதில் அவர் தனிப் பயிற்சியோ அனுபவமோ பெற்றதாகக் காட்டப்படவில்லை என்று சொல்லி, அவரை அந்தப் பொருளில் நிபுணராக ஏற்க நீதிமன்றம் மறுத்தது. குறிப்பிட்ட பொருளைத் தனியாகப் பயின்றிருக்க வேண்டும், அல்லது அதில் தனி அனுபவம் பெற்றிருக்க வேண்டும் என்பதே அளவுகோல்.

பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் நிற்கும் மாவட்டத்தில் இந்தத் தீர்ப்பின் அருமை எளிதில் விளங்கும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கரையைக் கடந்தபோது இங்கே முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நிலம் எடுப்பு வழக்கானாலும் பாகப்பிரிவினையானாலும், ஒரு பலா மரம் இன்னும் எத்தனை ஆண்டுகள் காய்க்கும், ஆண்டுக்கு என்ன வரும்படி தரும் என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது. அலுவலகத்தில் இருக்கும் பொது அட்டவணையைப் பார்த்து எழுதிய அறிக்கை ஒன்று வரும். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து விழுந்திருக்கிறதா என்று சொல்லும் தோப்புக் குத்தகைக்காரரை யாரும் அழைப்பதில்லை. சட்டம் கேட்பது தனித்திறன். பட்டம்தான் வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பலாத் தோப்பைக் குத்தகை எடுத்து நடத்துபவரும், தேவனாம்பட்டினத்தில் பிறந்து அந்தக் கடலிலேயே வலை வீசியவரும், அவரவர் பொருளில் தம் அனுபவத்தை நிலைநாட்டிவிட்டால் 39-ஆவது பிரிவின் கதவு அவர்களுக்கும் திறந்ததே. அவர்களைக் கூண்டில் ஏற்றத் தயங்குவது வழக்கறிஞர்களாகிய நாங்கள்தான்.

அடுத்து கையெழுத்து. எங்கள் ஊர் உரிமையியல் மன்றங்களில் நிபுணர் என்ற சொல்லைக் கேட்டாலே முதலில் நினைவுக்கு வருபவர் கையெழுத்து நிபுணர்தான். புரோநோட்டு வழக்கில் பிரதிவாதி, "அது என் கையெழுத்தே இல்லை" என்று பதிலுரை தாக்கல் செய்வார். ஆவணத்தை ஒப்பீட்டுக்கு அனுப்ப இடைக்கால மனு போடுவார். வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் நியமிக்கப்பட்டு, முத்திரையிட்ட உறையில் அதை எடுத்துக்கொண்டு சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறை அலுவலகத்துக்குச் செல்வார். மாதங்கள் கழித்து அறிக்கை வரும். பல அறிக்கைகளில் சாரம் இரண்டு வரிதான்: இன்ன குறியிட்ட கையெழுத்தை எழுதியவரே இன்னதையும் எழுதியிருக்கிறார், அல்லது எழுதவில்லை.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவரின் வழக்கில் அந்த இரண்டு வரியோடு நிற்காமல் நிபுணரைக் கூண்டுக்கு அழைக்க மனுச் செய்தேன். அந்தப் பெரியவர் தமிழில்தான் கையெழுத்திடுவார், பெயரில் ஒரு 'ண' வரும். நிபுணர் பெரிதாக்கிய படங்களை விரித்துவைத்து விளக்கத் தொடங்கியதும் மன்றத்தில் இருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அவர் முன்பு போட்டிருந்த கையெழுத்துகளில் 'ண'வின் சுழிகள் ஒரே வீச்சில் ஓடின. கோடு தொடங்கும்போதும் முடியும்போதும் மெலிந்து வந்தது. கடைசிச் சுழி எப்போதும் சற்றுப் படுத்திருந்தது. புரோநோட்டில் உள்ள கையெழுத்திலோ இரண்டாவது சுழியின் உச்சியில் பேனா நின்று எடுத்துவைத்த தடம் தெரிந்தது. அந்த இடத்தில் மை திரண்டிருந்தது. கோட்டின் இரு முனைகளும் மழுங்கி, முழு நீளத்துக்கும் ஒரே அழுத்தமாக இருந்தன. முதுமையில் கை நடுங்கினால் அப்படி இருக்காதா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார், நல்ல கேள்வி. முதியவரின் நடுக்கம் கோடு முழுவதும் பரவி, அவர் வழக்கமாக எழுதும் வேகத்தோடு சேர்ந்தே வரும் என்றும், பார்த்து வரைபவரின் தயக்கம் வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் தங்கும் என்றும் நிபுணர் பதில் சொல்லி, இரண்டுக்கும் படத்தில் இடம் காட்டினார். பெரியவர் வெளியே வந்து, "என் கையெழுத்து எப்படி இருக்கும்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது வக்கீலம்மா" என்றார். அன்று நீதிபதி நிபுணரை நம்ப வேண்டிய தேவையே எழவில்லை. நிபுணர் காட்டியதைத் தாமே பார்த்துக்கொண்டார். பழைய சட்டத்தின் 73-ஆவது பிரிவும் புதியதன் 72-ஆவது பிரிவும், நீதிமன்றமே ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தரும் அதிகாரம், இப்படி ஒரு கண் திறப்போடு சேரும்போதுதான் பொருளுள்ளதாகிறது.

ஒப்பீட்டுக்கு அனுப்பும் மாதிரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வழக்குகள் இங்கேதான் வீணாகின்றன. வக்காலத்திலும் பதிலுரையிலும் உள்ள கையெழுத்தை மாதிரியாக அனுப்புவது எளிது, அவை கட்டிலேயே இருக்கின்றன. ஆனால் அவை வழக்கு வந்தபின் போடப்பட்டவை. கையெழுத்தை மறுக்கப்போகிறவர் அதை மாற்றிப் போட எல்லாக் காரணமும் இருக்கிறது. தகராறுக்கு முந்தைய, அதே காலத்தை ஒட்டிய மாதிரிகள்தான் வேண்டும்: வங்கிக் கணக்குத் தொடங்கிய படிவம், சங்கத்தின் கடன் விண்ணப்பம், பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பதிவேடு, பதிவு அலுவலகத்தில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரம். இவற்றைத் தேடி எடுத்துச் சேர்ப்பது கட்சிக்காரரின் வேலை என்று விட்டுவிட்டால் அவருக்கு எது வேண்டும் என்றே தெரியாது. பதிவு பெற்ற பத்திரமானால் வழி இன்னும் நேரானது. பதிவு அலுவலகத்தின் கைரேகைப் பதிவேட்டில் பெருவிரல் ரேகை இருக்கும், அதை ஆள்மாறாட்டக்காரரால் மாற்ற முடியாது.

மையின் வயதைச் சோதிக்க வேண்டும் என்ற மனுக்கள் வேறு வகை. வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கி, பிறகு தொகையும் தேதியும் எழுதிக்கொண்டார்கள் என்பது காசோலை வழக்குகளில் வழக்கமான எதிர்வாதம். அதில் உண்மை இருக்கும் வழக்குகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை மையின் வயதைக் கொண்டு நிறுவிவிட முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தடய அறிவியல் துறையின் ஆவணப் பிரிவு அதிகாரியையே வரவழைத்துக் கேட்டது. எழுத்தின் காலத்தைத் தீர்மானிக்கும் அறிவியல் முறை தங்களிடம் இல்லை என்று அவர் சொன்னார். மையின் வயதே தெரிந்தாலும், ஐந்து ஆண்டுக்கு முன் தயாரித்த பேனாவால் நேற்றும் எழுதலாம் அல்லவா? அதற்குப் பிறகும் அதே மனுக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நிபுணரிடம் அனுப்புவது ஆண்டுகளை ஓட்டும் உத்தியாக மாறிவிடுவதால், நியாயமாக அனுப்ப வேண்டிய ஆவணத்துக்கும் மன்றங்கள் தயங்குகின்றன. காசோலை, புரோநோட்டு போன்றவற்றுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, கையெழுத்திட்டுக் கொடுத்த நிறைவுறாத ஆவணத்தை நிரப்ப வைத்திருப்பவருக்கு அதிகாரம் தருகிறது என்பதையாவது கட்சிக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கையெழுத்து நிபுணரை எவ்வளவு நம்பலாம் என்பதில் உச்ச நீதிமன்றமே இரு குரலில் பேசியிருப்பதுபோல் தோன்றும். 1977-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள ஒரு தீர்ப்பு, அவர் கருத்தை மட்டும் வைத்துத் தண்டிப்பது ஆபத்து என்றது. 1980-ஆம் ஆண்டுத் தொகுப்பில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, நிபுணர் ஒன்றும் குற்றவாளியின் கூட்டாளி அல்லர், அவரை வேறு சாட்சியம் கொண்டு உறுதிப்படுத்தியே தீர வேண்டும் என்ற விதி இல்லை என்றது. இரண்டாவது தீர்ப்பை முழுதாகப் படித்தால் முரண் மறைந்துவிடும். கருத்துக்கான காரணங்களை நீதிமன்றம் கவனமாகச் சோதிக்க வேண்டும், அவை நம்பத்தக்கவையானால் ஏற்கலாம் என்பதே அதன் நிலை. அதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

விபத்து இழப்பீட்டு வழக்குகளில் நிலைமை வேறு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலை எங்கள் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் வழக்குகளுக்குக் குறைவில்லை. இங்கே நிபுணர் என்றால் ஊனச் சான்று தரும் மருத்துவர். "நாற்பது விழுக்காடு ஊனம்" என்று சான்று வரும், மருத்துவர் வருவார், சான்றை அடையாளம் காட்டுவார், போவார். எந்த நாற்பது? இடது கையில் நாற்பதா, முழு உடலுக்கு நாற்பதா, சம்பாதிக்கும் திறனில் நாற்பதா? இவை மூன்றும் வெவ்வேறு என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விரிவாக எழுதியிருக்கிறது. இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ ஆனால் அவருடைய வருமான இழப்பு ஏறக்குறைய முழுமையாகலாம். அரசு எழுத்தரானால் வேலையே போகாமல் இருக்கலாம். உடல் எவ்வளவு இயங்கவில்லை என்று சொல்வதோடு மருத்துவரின் வேலை முடிகிறது. அதனால் பிழைப்பு எவ்வளவு போயிற்று என்று கணக்கிடுவது தீர்ப்பாயத்தின் வேலை.

நெல்லிக்குப்பத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவருக்காக நடத்திய வழக்கில் மருத்துவரிடம் விழுக்காட்டைப் பற்றி நான் அதிகம் கேட்கவில்லை. "இவரால் இடது கையைத் தோள்மட்டத்துக்கு மேல் தூக்க முடியுமா, டாக்டர்?" என்றேன். முடியாது என்றார். "சாந்துச் சட்டியைப் பிடித்துக்கொண்டு சாரத்தில் நிற்க முடியுமா?" என்றேன். சற்று யோசித்து, இரு கையும் வேண்டிய எந்த வேலையையும் உயரத்தில் நின்று செய்வது ஆபத்து என்றார். எலும்பு கூடிய கோணத்தை ஊடுகதிர்ப் படத்தில் காட்டி, ஏன் இனியும் அது மேலே எழும்பாது என்பதையும் விளக்கினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, கேட்டால் சொல்லத் தயாராகவும் இருந்தார். மருத்துவர்களை நாம் விழுக்காட்டுக்கு மட்டும் கூப்பிட்டுத் திருப்பி அனுப்புகிறோம். புறநோயாளிகளை விட்டுவிட்டு வந்து, வாய்தா போட்டதால் சும்மா திரும்பிப்போன ஒரு மருத்துவர் அடுத்த முறை சான்று தரவே தயங்கினால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

குற்ற வழக்குகளில்தான் என் கவலை மிகுதி. அரசின் அறிவியல் வல்லுநர் சிலரின் அறிக்கைகளை, அவர்களை விசாரிக்காமலேயே சாட்சியமாக ஏற்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆவது பிரிவு சொன்னது, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329. இதற்கு நியாயமான காரணம் உண்டு. மயிலாப்பூர் ஆய்வகத்தில் இரத்தக் கறையைச் சோதிப்பவர் மாநிலத்தின் எல்லா அமர்வு நீதிமன்றங்களுக்கும் அலைந்துகொண்டிருந்தால் சோதனை செய்ய ஆளிருக்காது. ஆனால் நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைத்து விசாரிக்கலாம் என்று அதே பிரிவில் எழுதியிருப்பதை மறந்துவிடுகிறோம். குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பும் பெரும்பாலும் கேட்பதில்லை. அறிக்கை குறியிடப்படுகிறது, தீர்ப்பில் ஒரு வரியாகிறது, ஒருவர் பல ஆண்டுகளுக்குச் சிறை செல்கிறார்.

2022 நவம்பரில், ஒரு பெண் கொல்லப்பட்ட தில்லி சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனை பெற்ற மூவரை விடுவித்தது. விடுவித்ததற்கான காரணங்களில் ஒன்று, மரபணு அறிக்கையின் கண்டுபிடிப்புகளுக்கு அடிப்படை என்ன என்பதையும், சோதனை முறை நம்பகமாகக் கையாளப்பட்டதா என்பதையும் விசாரணை நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ ஆராயவில்லை என்பது. அந்தத் தீர்ப்பு நாட்டில் எழுப்பிய வேதனை பெரிது, கொல்லப்பட்ட பெண்ணின் பெற்றோருக்கு அதை யாரும் ஈடுசெய்ய முடியாது. விசாரணையின்போதே நிபுணரைக் கூண்டில் நிறுத்தி அடிப்படையைக் கேட்டிருந்தால் பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்தக் கேள்வி எழுந்திருக்காது. நிபுணரைக் கேள்வி கேட்பது குற்றவாளியைத் தப்பவைக்கும் தந்திரம் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேட்காமல் விட்டதால் குற்றமற்றவர் சிறை போன வழக்குக்கு இங்கிலாந்தின் சேலி கிளார்க்கைச் சொல்ல வேண்டும். அவருடைய இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அப்படிப்பட்ட குடும்பத்தில் தொட்டில் மரணம், அதாவது காரணம் தெரியாமல் கைக்குழந்தை திடீரென இறப்பது, இரு முறை நேர்வது 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ராய் மெடோ சாட்சி சொன்னார். 1999-இல் தாய்க்கு ஆயுள் தண்டனை. அந்த எண் எப்படி வந்தது? ஒரு குழந்தை அப்படி இறப்பதற்கான வாய்ப்பு 8,543-இல் ஒன்று என்று எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கியிருந்தார். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே மரபு என்பதால் இரண்டு மரணங்களும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை அல்ல என்ற எளிய தடை அவருக்குத் தோன்றவில்லை. அவர் குழந்தை மருத்துவத்தில் பெரியவர், புள்ளியியலில் அல்ல. அரச புள்ளியியல் சங்கம் 2001-இல் வெளிப்படையாக மறுத்து எழுதியது. குழந்தை ஒன்றின் உடலில் நோய்க்கிருமி இருந்ததைக் காட்டும் சோதனை முடிவுகள் வெளியிடப்படாமல் இருந்ததும் தெரியவந்து, 2003-இல் அவர் விடுதலையானார். நான்கு ஆண்டுகளில் இறந்தும் போனார். இமாசலத் தோட்டக்கலை அதிகாரிக்கு நம் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோலை அந்த மருத்துவருக்கு வைத்திருந்தால், அந்த எண் ஜூரிகளின் காதில் விழுந்தே இருக்காது.

புதிய சாட்சியச் சட்டம் ஒரு புதுச் சிக்கலையும் கொண்டுவந்திருக்கிறது. செல்பேசிச் செய்தியோ குரல்பதிவோ சாட்சியமாக வேண்டுமானால், 63-ஆவது பிரிவின்படி தரும் சான்றிதழில் இப்போது இரண்டு பகுதிகள். முதலாவதைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும். இரண்டாவதில் நிபுணர் ஒருவர் கையெழுத்திட வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹேஷ் மதிப்பு என்ற எண்ணையும் குறிக்க வேண்டும். கணவன் அனுப்பிய மிரட்டல் செய்திகளைச் செல்பேசியில் வைத்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்தோ விருத்தாசலத்திலிருந்தோ வரும் பெண்ணுக்கு அந்த நிபுணர் யார்? எங்கே இருக்கிறார்? என்ன கட்டணம் கேட்பார்? இதற்கு மாவட்டத்துக்கு ஒரு பட்டியலாவது வேண்டும். இல்லையேல் இந்தப் பாதுகாப்பு, வசதியுள்ளவரின் சாட்சியத்தை உள்ளே விட்டு மற்றவர் சாட்சியத்தை வாசலில் நிறுத்துவதாக முடியும்.

பட்டியல் என்றதும் எங்கள் பக்கத்துப் புதுச்சேரியின் பழைய முறையைச் சொல்லத் தோன்றுகிறது. இந்தியச் சாட்சியச் சட்டம் அங்கே நீட்டிக்கப்பட்டது 1963-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியால்தான். பிரெஞ்சு முறையில் நிபுணர் எந்தத் தரப்புக்கும் சாட்சி அல்லர். மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து நீதிபதி அவரை நியமிக்கிறார், கேள்விகளை எழுதிக் கொடுக்கிறார், அவர் இரு தரப்பையும் வைத்துக்கொண்டு ஆராய்ந்து அறிக்கை தருகிறார். கட்டணம் கொடுத்தவருக்குச் சாதகமாகச் சொல்லும் ஆபத்து அதில் குறைவு. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 26-ஆவது கட்டளையின் 10-அ விதி, அறிவியல் ஆய்வு வேண்டிய பொருளை நீதிமன்றமே ஆணையர் ஒருவரிடம் ஒப்படைக்க வழிசெய்கிறது. நில வழக்குகளில் இதைப் போன்ற ஒன்றை நாங்கள் நாள்தோறும் செய்கிறோம்: வழக்கறிஞர் ஆணையர் சர்வேயருடன் நிலத்துக்குப் போய், புலப்பட நகலை விரித்து, கல் இருக்கும் இடத்திலிருந்து அளக்கத் தொடங்குகிறார், இரு தரப்பும் கூடவே நடக்கிறது. எந்தக் கல்லிலிருந்து அளந்தார் என்பதை எழுதாத அறிக்கையை எந்த முன்சீப்பும் ஏற்பதில்லை. வரப்புத் தகராறில் நாம் விடாமல் கேட்கும் இந்த அடிப்படையைத்தான் இரசாயன அறிக்கையிலும் மரபணு அறிக்கையிலும் கேட்காமல் விடுகிறோம்.

ஆவணத்தையோ பொருளையோ அனுப்பும் உத்தரவிலேயே கேள்விகளை எழுதிச் சேர்க்க வேண்டும் என்று நான் இப்போது ஒவ்வொரு மனுவிலும் கேட்டுவருகிறேன். எந்தெந்த மாதிரிகளோடு ஒப்பிடப்பட்டது, அவை போதுமானவையா, எந்தக் கருவி, எந்த முறை, எந்த ஒற்றுமைகள், எந்த வேற்றுமைகள், வேற்றுமைகளை ஏன் பொருட்படுத்தவில்லை, இந்த முறையில் பிழை நேரும் வாய்ப்பு உண்டா, பெரிதாக்கிய படங்கள் இணைக்கப்பட்டுள்ளனவா என்பவை அந்தக் கேள்விகள். சில நீதிபதிகள் இவற்றை அப்படியே உத்தரவில் சேர்க்கிறார்கள். அந்த வழக்குகளில் வரும் அறிக்கைகள் பக்கக் கணக்கில் விரிந்து, பல நேரம் குறுக்கு விசாரணைக்கே தேவையில்லாமல் செய்துவிடுகின்றன. நிபுணரை நேரில் அழைக்கும் செலவைத் தாங்க முடியாதவருக்கு இப்போது காணொலி வழி விசாரணை இருக்கிறது, சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. ஆணைக்குழு தரும் உதவியில் வழக்கறிஞர் கட்டணத்தோடு தனிப்பட்ட நிபுணரின் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும் என்று வழக்கறிஞர் சங்கத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து விண்ணப்பம் தயாரித்துவருகிறோம். மாவட்டத்தில் வழக்கு நடத்தும் இளையவர்கள் தங்கள் கட்டுகளில் இரண்டு வரி அறிக்கைகள் இருந்தால் கட்சிக்காரர் பெயரை மறைத்து அதன் நகலைத் தந்துதவ வேண்டும். விண்ணப்பத்தோடு இணைக்க அவைதான் எங்களுக்குத் தேவை.